பக்கத்து வீட்டு டிவியில் எங்கள் வீட்டுப் படம்!

"தப்பா எடுத்துக்காதேம்மா... உங்க வீட்டுப் போட்டோ எல்லாம் நேத்து சாயங்காலம் எங்க டிவியில வந்துச்சு."

எதிர்வீட்டு அக்கா இப்படிச் சொன்னபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எந்தப் போட்டோக்கா?"

"குழந்தைக்குப் பேர் வச்ச போட்டோ வந்துச்சு. பார்த்து சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோம். அப்புறம்..." என்று தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் பொண்ணு தையல் போட்ட இடத்தைப் படம் எடுத்திருக்கா போலிருக்கு. அது வந்ததும் நான் ஓடிப் போய் டிவியை அணைச்சிட்டேன். மாமனார் ஹால்லதான் இருந்தார்..."

எனக்குப் பூமி சுழன்றது.

வாசக சகோதரிகளே, இது ஏதோ கதை என்று நினைக்காதீர்கள். திருச்சியில் எட்டு வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில் நடந்தது. என் மகளுக்கு ஆபரேஷன் செய்து பிரசவமாகி அன்றோடு இருபத்திரண்டு நாள். தையல் போட்ட இடத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது. டாக்டரம்மா, "ஒரு படம் எடுத்து அனுப்பும்மா, பார்த்துச் சொல்றேன்" என்றார். அவளும் எடுத்து அனுப்பினாள். ஒரு பெண் தன் தாய்க்கும் டாக்டருக்கும் மட்டுமே காட்டக்கூடிய படம் அது. அது எதிர்வீட்டு ஹாலில், ஆள் உயர டிவியில்!

மகளிடம் சொல்லாமல் மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் கூடத்தில் படுத்திருந்தவள் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

பேச்சு முற்றியது

"நம்ம வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் ஒரே கம்பியிலதானே இன்டர்நெட் வருது? அதான் போயிருக்கு" என்றார் என் கணவர்.

வாஸ்தவம்தான். மாடிப்படி வளைவில் சுவரோடு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. தெருவிலிருந்து ஒரே ஒரு மெல்லிய கம்பி அதற்குள் போகிறது. அதிலிருந்து எட்டுக் கம்பிகள் பிரிந்து எட்டு வீட்டுக்கும் போகின்றன. ஒரே குழாய்த் தண்ணீர் எட்டு வீட்டுக்கும் வருகிற மாதிரி, எங்கள் வீட்டு விஷயமும் எட்டு வீட்டுக்கும் போகிறதோ?

இந்த யோசனை வந்ததும் அடுத்த யோசனையும் வந்தது. எதிர்வீட்டு அக்காவின் மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன் ஏதாவது விளையாட்டுத்தனம் செய்திருப்பானோ?

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் அதை மனதோடு வைத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே அக்காவிடம், "உங்க பையன்கிட்ட கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க. அந்தப் படிப்புத்தானே படிக்கிறான்..." என்று கேட்டுவிட்டேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். பதினைந்து வருஷப் பழக்கம். என் மகளின் பிரசவத்துக்கு லேகியம் கிளறிக் கொடுத்த கை அது!

இன்னொரு நஷ்டமும் நேர்ந்தது. அடுத்த இரண்டு நாளில் தையல் இருந்த இடம் இன்னும் சிவந்து, லேசாக நீர் கசிந்திருக்கிறது. என் மகள் யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டருக்கு மறுபடி படம் அனுப்பவும் பயம். மூன்றாம் நாள் உடம்பு சுட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, சுத்தம் செய்து கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பயம் ஒருத்தியை எப்படி வாயடைக்க வைக்கிறது பார்த்தீர்களா? பிள்ளை பெற்ற பெண்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: தையலில் சிவப்பு பரவினாலும், சீழோ நீரோ கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

மறுநாள், லைன் பார்க்கிற தம்பியை வரவழைத்தோம்.

கம்பிக்குள் போவது வெளிச்சம்!

தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னேன். "அம்மா, அந்த வழியா போகவே போகாதும்மா. வாங்க, காட்டறேன்" என்று மாடிப்படிக்கே அழைத்துப்போய்க் கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இது செம்புக் கம்பி இல்லைம்மா. கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான் இருக்கும். இதுக்குள்ள கரண்டு போகாது, வெளிச்சம்தான் போகும்."

பெட்டிக்குள் இருப்பதற்கு ஸ்பிளிட்டர் என்று பெயராம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வெளிச்சத்தைச் சமமாகப் பங்கு போட்டு எட்டு இழைக்கும் அனுப்புகிறது. இதற்கு மின்சாரமே வேண்டாம். எங்களைப் போல 32 வீடு, 64 வீடு வரைக்கும் எக்ஸ்சேஞ்சின் ஒரே இழையில் சேர்ப்பது வழக்கமாம். ஜீபான் என்று இந்த முறைக்குப் பெயர். உலகம் முழுவதற்கும் பொதுவான விதிமுறையாக 2003-ம் ஆண்டிலிருந்து வகுத்திருக்கிறார்கள்.

"அப்படீன்னா எல்லார் வீட்டு விஷயமும் எல்லார் வீட்டுக்கும் வருதுன்னுதானே அர்த்தம்?" என்று விடாமல் கேட்டேன்.

"வருதும்மா" என்றார் தம்பி சாவதானமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வரும். ஆனா திறக்க முடியாது!"

எட்டு வீட்டுக்கும் வரும் பூட்டிய பெட்டி

தம்பி சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தபால்காரர் ஒருவர் நம் தெருவுக்கான எல்லாக் கடிதங்களையும் பிரதி எடுத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழுக் கட்டையும் வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு கடிதமும் ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் மேல் ஓர் எண். நம் வீட்டு மோடம் தன் எண் போட்ட பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றதை அப்போதே ஒதுக்கிவிடும். ஒதுக்காமல் யாராவது குறும்பாகப் பிடித்து வைத்தாலும், சாவி இல்லாமல் திறக்க முடியாது.

இந்தப் பூட்டுக்கு ஏ.இ.எஸ். என்று பெயர். 128 பிட் சாவி. எத்தனை விதமான சாவி சாத்தியம் என்று எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணிக்கையே 39 இலக்கத்தில் வருகிறது! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது.

"சாவி யார் கையில இருக்கும்?"

"அதுதாம்மா அழகு. சாவியை உங்க வீட்டு மோடமே தயார் பண்ணி எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும். ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுக்குத் தெரியாது. அப்பப்ப சாவியை மாத்தவும் வழி இருக்கு."

எனக்கு உடனே ஒரு சந்தேகம். சாவியை அனுப்பும்போது எதிர்வீட்டு மோடம் எட்டிப் பார்க்காதா?

பார்க்க முடியாதாம். ஏன் என்று கேட்டால், மொட்டை மாடியைப் பாருங்கள் என்றார். மழை பெய்யும்போது மாடியின் நாலு மூலையிலிருந்தும் தண்ணீர் சின்னக் குழாய்களில் ஓடி வந்து ஒரே பெரிய குழாயில் சேர்ந்து கீழே போகிறது. ஒரு மூலைத் தண்ணீர் இன்னொரு மூலைக் குழாய்க்குள் திரும்பி ஏறுமா? அதே போலத்தான். நம் வீட்டிலிருந்து கிளம்பும் வெளிச்சம் ஸ்பிளிட்டர் வழியாக எக்ஸ்சேஞ்ச் பக்கம்தான் போகும், பக்கத்து வீட்டு இழைக்குள் திரும்பாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்குப் பூட்டு. நம் வீட்டிலிருந்து போவது எக்ஸ்சேஞ்சுக்கு மட்டுமே தெரியும்.

தண்ணீர் லாரி முன்னால் குடங்கள்

சரி, எட்டு வீட்டு வெளிச்சமும் ஒரே இழையில் சேர்ந்து போனால் ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

கோடைக்காலத்தில் தண்ணீர் லாரி வரும்போது நாம் என்ன செய்கிறோம்? எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தை நீட்டினால் சண்டைதான். வரிசை போட்டால் ஒவ்வொருத்தருக்கும் முறை வரும். இங்கே வரிசை போடுவது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி. "ஒன்றாம் நம்பர், இப்போது நீ பேசு... போதும். இரண்டாம் நம்பர், நீ..." என்று ஒரு விநாடிக்கு 8,000 தடவை முறை பிரித்துக்கொண்டே இருக்கிறது! தன் முறை வரும்போதுதான் மோடம் தன் விளக்கைப் போடும். மற்ற நேரம் அணைத்து வைத்திருக்கும்.

இதிலே இன்னொரு நுணுக்கம். பக்கத்துத் தெரு வீட்டு வெளிச்சம் சீக்கிரம் வந்து சேரும், தள்ளி இருக்கும் வீட்டு வெளிச்சம் சற்றுத் தாமதமாக வரும். கண்ணாடி இழையில் வெளிச்சம் ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அப்படியும் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டிலிருந்து வர, ஒரு விநாடியை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. இந்தத் துளி நேரத்தையும் அளந்து, தூரத்து வீட்டை "நீ கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பி" என்று சொல்கிறதாம் அந்தக் கருவி. நமக்கு மளிகைக் கணக்கு போடவே நாலு விரல் வேண்டியிருக்கிறது!

"எப்பவாவது ஒரு வீட்டு மோடம் கெட்டுப்போய் விளக்கை அணைக்காம எரிய விட்டுடும்மா. அப்ப அந்த இழையில இருக்கற எல்லா வீட்டுலயும் நெட் நின்னுடும்" என்றார் தம்பி. அதாவது, அண்டை வீட்டு மோடத்தால் நம் வீட்டுக்குத் தொந்தரவு வரலாம். ஆனால் நம் விஷயம் அவர்களுக்குப் போய்விடாது.

எக்ஸ்சேஞ்சில் தனித்தனிச் சீட்டு

எக்ஸ்சேஞ்சுக்குப் போன பிறகும் கலந்துவிடாமல் இருக்க ஏற்பாடு உண்டு. லாண்டரிக்குத் துணி போடும்போது சட்டைக் காலரில் சின்னதாய் ஓர் அடையாளம் குத்துவார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு வாடிக்கையாளரின் தகவலிலும் ஓர் எண் குத்தப்படுகிறது. வீலான் என்று சொல்கிறார்கள். வேறு வேறு எண்ணுள்ள தகவல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாது. ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குக் கொடுக்கும் இடங்களில், "வாடிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நேர் வழி கிடையாது" என்று தனியாகக் கதவை அடைத்து வைக்கிறார்கள். எதிரெதிர் வாசல் வீடு என்றாலும், இங்கிருந்து அங்கே ஒரு தகவல் போக வேண்டுமானால் கம்பெனியின் பெரிய ரூட்டர் வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும்.

புது இணைப்பு கொடுக்கும்போது யூசர்நேம், பாஸ்வேர்டு என்று ஏதோ மோடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? பல கம்பெனிகளில் அது இதற்குத்தான். இன்ன வீட்டு வாடிக்கையாளர் இவர் என்று தெரிந்துகொண்டு தனி வழி போட்டுக் கொடுக்க.

"ஒரு விஷயம்மா. இந்தப் பூட்டை எல்லாம் கம்பெனிக்காரங்கதான் அவங்க பக்கத்துல போட்டு வைக்கணும். எங்க லைன்ல போட்டிருக்கு. வேற கம்பெனியா இருந்தா, 'ஃபைபர்ல என்கிரிப்ஷன் போட்டிருக்கீங்களா, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நேர் வழி அடைச்சிருக்கீங்களா'ன்னு கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். நியாயமான பேச்சு.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு பூட்டும் உண்டு. வங்கி, கடை, ஆஸ்பத்திரி என்று நாம் போகும் இடங்களின் விலாசம் 'ஹெச்.டி.டி.பி.எஸ்.' என்று ஆரம்பித்தால், நம் போனிலிருந்து அந்த இடம் வரைக்கும் தகவல் பூட்டியே போகிறது. நடுவில் இருக்கும் கம்பெனிக்கு நாம் எந்த இடத்துக்குப் போனோம் என்பது தெரியலாம். அங்கே என்ன எழுதினோம் என்பது தெரியாது. வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து அனுப்புகிறவர் போன் முதல் பெறுகிறவர் போன் வரை முழுப் பூட்டு. ஆகவே என் மகள் டாக்டருக்கு அனுப்பிய படம் வழியில் எங்கும் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் வேறு இணைப்பா?

எல்லா ஊரிலும் ஃபைபர் இருக்காது. டெலிபோன் கம்பி வழியாக பிராட்பேண்ட் வாங்கியவர்கள் உண்டு. நம் நாட்டில் அது 2005 வாக்கில் பரவலாக வர ஆரம்பித்தது. அந்த முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஜோடிச் செம்புக் கம்பி. எக்ஸ்சேஞ்ச் போகும் வரை யாரோடும் பங்கு இல்லை.

கேபிள் டிவி கம்பியில் வரும் இணைப்பு வேறு விதம். அங்கே ஒரு வட்டாரமே ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்ளும். நாம் பயந்தது நிஜமாகவே நடந்ததும் இந்த முறையில்தான்! 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கேபிள் இன்டர்நெட் வந்த புதிதில், கம்ப்யூட்டரில் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்ற படத்தைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தனவாம். நெய்பர்ஹுட் என்றால் அக்கம்பக்கம். பெயருக்கு ஏற்ற மாதிரியே ஆகிவிட்டது பாருங்கள்! தங்கள் கோப்புகளைப் பொதுவில் திறந்து வைத்திருந்தவர்களின் கோப்புகளை அண்டை வீட்டுக்காரர் படிக்கவும் முடிந்தது. பிறகு விழித்துக்கொண்டார்கள். கேபிள் மோடம்களுக்கான விதிமுறை 1997-ல் வந்தது. 1999-ல் வந்த அடுத்த பதிப்பில் பூட்டைப் பலப்படுத்தி, மோடம் அசல்தானா என்று சரிபார்த்த பிறகே சாவி கொடுக்கும் ஏற்பாடும் செய்தார்கள்.

அன்று அவர்கள் பட்ட பாட்டில்தான் இன்று நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

அப்படியானால் எங்கள் படம்?

"எல்லாம் சரி தம்பி. படம் போனது போனதுதானே? எப்படிப் போச்சு?"

தம்பி எங்கள் வீட்டு ரூட்டரைத் தன் போனில் திறந்து, அதில் சேர்ந்திருக்கும் சாமான்களின் பட்டியலை எடுத்தார். என் போன், இவர் போன், மகள் போன், மாப்பிள்ளை விட்டுப் போன லேப்டாப், எங்கள் டிவி... அதற்குக் கீழே இன்னொரு டிவி! அதே கம்பெனி, அதே பெயர்.

"உங்க வீட்டுல ரெண்டு டிவியாம்மா?"

"இல்லையே, ஒண்ணுதான்."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. போன மழைக்காலத்தில் எலி கடித்து எதிர்வீட்டு இணைப்பு பத்து நாள் போயிற்று. பையனுக்குப் பரீட்சை நேரம். "அதனால என்ன, எங்க வைஃபையைப் போட்டுக்கோங்க" என்று நான்தான் பாஸ்வேர்டு சொன்னேன். அவர்கள் போனில் போட்டார்கள், டிவியிலும் போட்டார்கள். இணைப்பு வந்த பிறகு போனை மாற்றிக்கொண்டார்கள். டிவியை மாற்ற மறந்துவிட்டார்கள். எதிர்வாசல்தானே, எங்கள் வைஃபை அங்கே தாராளமாக எட்டுகிறது.

அன்று மாலை என் மகள் பாட்டிக்குப் பெயர் சூட்டு விழாப் படங்களைப் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டாள். போனில் 'டிவியில் காட்டு' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அப்போது போன் என்ன செய்கிறது தெரியுமா? "இந்த வைஃபையில் எந்த டிவி இருக்கிறது?" என்று குரல் கொடுக்கிறது. இரண்டு டிவியும் "நான் இருக்கிறேன்" என்றன. இரண்டும் ஒரே பெயர். அவள் ஒன்றைத் தொட்டாள். எங்கள் டிவியில் ஒன்றும் வரவில்லை. வேலை செய்யவில்லை போலும் என்று போனிலேயே ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பாட்டிக்குக் காட்டியிருக்கிறாள். கடைசியில் அந்தப் படமும் வந்திருக்கிறது. சட்டென்று போனை மூடியிருக்கிறாள். அதற்குள் எதிர்வீட்டில்...

அந்தப் படம் வெளிக் கம்பியில் ஏறவே இல்லை! எக்ஸ்சேஞ்சுக்குப் போகவில்லை. எங்கள் ஹாலிலிருந்து எதிர் ஹாலுக்கு, எங்கள் வைஃபைக்குள்ளேயே போயிருக்கிறது. கம்பெனி எத்தனையோ பூட்டுப் போட்டு வாசல் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்தது நான்!

"வைஃபை பாஸ்வேர்டுங்கறது வீட்டுச் சாவிம்மா. அது தெரிஞ்சவங்களை உங்க ரூட்டர் வீட்டு மனுஷங்களாத்தான் நினைக்கும்" என்றார் தம்பி.

அது மட்டுமா? எங்கள் பாஸ்வேர்டு என்ன தெரியுமா, இவருடைய போன் நம்பர்! இணைப்புக் கொடுத்த அன்று வந்தவர் சுலபமாக நினைவிருக்கட்டும் என்று போட்டது. அந்த நம்பர் எட்டு வீட்டுக்கும் தெரியும். பால்காரருக்கும் தெரியும்.

நாங்கள் செய்த சீர்திருத்தங்கள்

தம்பியை வைத்துக்கொண்டே செய்து முடித்தோம். நீங்களும் ஒரு மத்தியானம் ஒதுக்கிச் செய்துவிடலாம்.

1. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினோம். போன் நம்பர், குழந்தை பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைச் சேர்த்துப் போடுங்கள். நமக்கு மறக்காது, பிறருக்குத் தோன்றாது. மாற்றினவுடன் எல்லாச் சாமானும் வெளியே போய்விடும். நம்முடையதை மட்டும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

2. ரூட்டருக்குள் போகும் பாஸ்வேர்டு வேறு. அது பெரும்பாலும் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதையும் மாற்றி டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பூட்டு வகையில் டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 இருக்க வேண்டும். டபிள்யு.இ.பி. என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அதை உடைக்கலாம் என்று 2001-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

4. விருந்தாளிக்குத் தனி வைஃபை. பல ரூட்டர்களில் 'கெஸ்ட்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் சேர்பவருக்கு இன்டர்நெட் கிடைக்கும், நம் வீட்டு டிவி, லேப்டாப் தெரியாது. வாசல் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுக்கிற மாதிரி! அவசரத்துக்கு உதவவும் செய்யலாம், பிறகு அதை மட்டும் அணைத்தும் விடலாம்.

5. டிவிக்குப் பெயர் வையுங்கள். எங்கள் டிவிக்கு இப்போது 'மல்லிகை' என்று பெயர். டிவியில் காட்டும் முன் பெயரைப் பார்த்துத் தொடுகிறோம்.

6. மாதம் ஒருமுறை ரூட்டரில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

7. டாக்டருக்கு அனுப்பும் படத்தை, வேலை முடிந்ததும் ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேண்டியிருந்தால் பூட்டிய பகுதியில் வையுங்கள்.

8. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய இழையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது. மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

தூக்குவாளி திரும்பியது

எல்லாம் முடிந்து தம்பி காபி குடித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் ஒரு வேலை பாக்கி இருந்தது.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்காவின் மகன்தான் திறந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி, சித்தி அவசரப்பட்டுத் தப்பாப் பேசிட்டேன்பா. நீ ஒண்ணும் பண்ணலை. எல்லாம் என் மறதியால வந்தது. மன்னிச்சுக்கோ" என்றேன். சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில் என்ன குறைச்சல்? தப்பு நம்முடையது.

"ஐயையோ, விடுங்க சித்தி. எங்க டிவி இன்னும் உங்க வைஃபையில இருக்குன்னு நானாவது பார்த்திருக்கணும்" என்றான். அவனே போய் டிவியைத் தங்கள் இணைப்பில் போட்டுவிட்டு வந்தான்.

அக்கா சமையலறையிலிருந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் வந்து சொன்னதே உன் பொண்ணு மானம் போகக் கூடாதுன்னுதானே? சொல்லாம விட்டிருந்தா நாளைக்கும் வந்திருக்குமே" என்றார். எவ்வளவு உண்மை! அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நல்லது செய்தவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

லேகியம் கொடுத்தனுப்பிய தூக்குவாளி ஒரு வாரமாக எங்கள் வீட்டிலேயே இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல், அதில் பால் பாயசம் ஊற்றி எடுத்துப் போயிருந்தேன். மறுநாள் அதே தூக்குவாளி பூண்டுக் குழம்போடு திரும்பி வந்தது. "பால் ஊறும், சாப்பிடச் சொல்லு" என்றார் அக்கா.

என் மகளுக்குத் தையல் இப்போது நன்றாக ஆறிவிட்டது. அன்று மாலை அவள் தானாகவே போனை எடுத்து டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினாள். அனுப்பியதும் ஆல்பத்திலிருந்து அழித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து இருபது நாளாகியிருந்தது.